வெளிநாட்டில் இருப்பவருக்கு எப்போது போன் போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அங்கிருந்து ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் பேசுகிறவர்களுக்காக எழுதியது இது. கீழே 'நம் நேரம்' என்று வரும் இடமெல்லாம் இந்திய நேரம். 2006 ஏப்ரலிலிருந்து இலங்கைக்கும் அதே நேரம்தான்.

எந்த ஊருக்கு எத்தனை மணி வித்தியாசம்?

வருடம் முழுக்க மாறாதவை முதலில். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். துபாய், அபுதாபி, மஸ்கட் ஒன்றரை மணி பின்னால். சவுதி, கத்தார், குவைத், பஹ்ரைன் இரண்டரை மணி பின்னால்.

மற்ற ஊர்களுக்குக் குளிர்காலத்தில் ஒரு கணக்கு, கோடையில் ஒரு கணக்கு. லண்டன் குளிர்காலத்தில் 5.30 மணி பின்னால், கோடையில் 4.30. பாரிஸ், சூரிக், ஆஸ்லோ, பெர்லின் 4.30, கோடையில் 3.30. டொராண்டோ, நியூயார்க், நியூஜெர்சி 10.30, கோடையில் 9.30. சிகாகோ, டல்லாஸ் 11.30, கோடையில் 10.30. கலிஃபோர்னியா, சியாட்டில் 13.30, கோடையில் 12.30. சிட்னியும் மெல்போர்னும் நமக்கு முன்னால் ஓடுகின்றன: 4.30, அவர்களுடைய கோடையில் 5.30.

ஃபீனிக்ஸும் பிரிஸ்பேனும் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்காதானே, ஆஸ்திரேலியாதானே என்று மொத்தமாகக் கணக்குப் போட்டால் இந்த இரண்டு ஊரிலும் தப்பாகும். ஃபீனிக்ஸ் எப்போதும் 12.30 மணி பின்னால், பிரிஸ்பேன் எப்போதும் 4.30 மணி முன்னால்.

மனக்கணக்காகப் போட வழி உண்டா?

பத்தரை மணியைக் கழிக்க உட்கார்ந்தால்தான் தலை சுற்றும். நியூயார்க், டொராண்டோவுக்குக் குளிர்காலத்தில் நம் நேரத்தோடு ஒன்றரை மணி கூட்டி, இரவைப் பகலாக்கிக்கொள்ளுங்கள். இங்கே இரவு 8 என்றால் அங்கே காலை 9.30. கோடையில் ஒன்றரைக்குப் பதில் இரண்டரை கூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவுக்குக் கழிக்க வேண்டும்: குளிர்காலத்தில் ஒன்றரை, கோடையில் அரை மணி. இங்கே இரவு 8 என்றால் அங்கே குளிர்காலத்தில் காலை 6.30, கோடையில் 7.30.

லண்டனுக்குக் காகிதமே வேண்டாம். முள் கடிகாரத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இங்கே மதியம் 2.30. மணி முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், நிமிட முள் ஆறில். கவிழ்த்தால் நிமிட முள் பன்னிரண்டுக்குப் போய்விடும், மணி முள் ஒன்பதை ஒட்டி நிற்கும். லண்டனில் அப்போது குளிர்காலக் காலை 9. மணி முள் அரை மணி தள்ளித்தான் நிற்கும், ஆனால் படிக்க முடியும். கோடையில் கிடைக்கும் விடையோடு ஒரு மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

மணியைவிடத் தேதியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். 14ஆம் தேதி பிறந்தநாள் என்று நாம் 14ஆம் தேதி காலை 7 மணிக்கு நியூஜெர்சிக்கு வாழ்த்துச் சொன்னால், அங்கே இன்னும் 13ஆம் தேதி ராத்திரிதான்.

திடீரென்று ஒரு மணி நேரம் மாறிவிடுகிறதே, எப்போது?

அமெரிக்காவிலும் கனடாவின் பெரும்பகுதியிலும் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைக்கிறார்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். சிட்னியில் தலைகீழ்: அக்டோபர் முதல் ஞாயிறு முன்னே, ஏப்ரல் முதல் ஞாயிறு பின்னே. 2026இல் அமெரிக்காவுக்கு மார்ச் 8, நவம்பர் 1. ஐரோப்பாவுக்கு மார்ச் 29, அக்டோபர் 25.

தகராறு வருவது இந்தத் தேதிகளுக்கு நடுவில். மார்ச்சில் இரண்டு அல்லது மூன்று வாரம் நியூஜெர்சித் தம்பி மாறியிருப்பான், லண்டன் அக்கா மாறியிருக்க மாட்டார். அக்டோபர் கடைசியில் ஒரு வாரம் அக்கா மாறியிருப்பார், தம்பி மாறியிருக்க மாட்டான். ஞாயிறுதோறும் மூன்று பேரும் பேசும் குடும்பத்தில், யாரோ ஒருவர் வராமல் போவதும் மற்றவர் கோபித்துக்கொள்வதும் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான்.

போனில் கடிகாரம் ஆப்பைத் திறந்து, உலகக் கடிகாரம் பக்கத்தில் கூட்டல் குறியைத் தொட்டு ஊரின் பெயரைச் சேர்த்துவிடுங்கள். மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். வாராந்திரப் பேச்சுக்கு யாருடைய கடிகாரத்தைப் பிடிமானமாக வைப்பது என்றால், வேலைக்குப் போகிறவருடையதை. ஓய்வில் இருப்பவர் ஒரு மணி நேரம் நகர்ந்துகொள்வதில் பெரிய நஷ்டமில்லை.

மகன் அமெரிக்காவில். எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் நிம்மதியாகப் பேசுவான்?

கிழக்குக் கரை என்றால் வேலை நாளில் நம் காலை 7.30 முதல் 8.30 வரை பார்க்கலாம். அங்கே குளிர்காலத்தில் முந்தைய இரவு 9 முதல் 10. கைக்குழந்தையோ பள்ளிப்பிள்ளையோ இருந்தால் அங்கே இரவு 8 முதல் 8.30 வரை அவர்களைத் தூங்கவைக்கும் நேரம், அது முடியுமுன் கூப்பிடாதீர்கள். தாத்தா குரல் கேட்டால் பிள்ளை எழுந்து உட்கார்ந்துகொள்ளும், மருமகளுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். பேரனோடு பேசத்தான் ஆசை என்றால் சனி, ஞாயிறு நம் இரவு 8 மணி. அங்கே காலை ஒன்பதரை, பத்தரை. பல் தேய்த்து இட்லியோ சீரியலோ சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

ஞாயிறு காலை நமக்கு ஓய்வு என்பதால் எல்லோரும் அப்போதுதான் போடுவார்கள். அங்கே அது சனிக்கிழமை ராத்திரி, யார் வீட்டுக்காவது விருந்துக்குப் போயிருக்கும் நேரம். பின்னால் பத்துப் பேர் சத்தத்தில் "அப்புறம் பேசுறேம்மா" என்ற பதில்தான் கிடைக்கும்.

கலிஃபோர்னியாவுக்கு நம் காலை 9 முதல் 10. அங்கே குளிர்காலத்தில் முந்தைய மாலை 7.30 முதல் 8.30.

நிறையப் பேர் வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டே ஊருக்குப் பேசுகிறார்கள். நியூஜெர்சியில் காலை 8 மணி என்றால் நமக்கு குளிர்காலத்தில் மாலை 6.30. தினமும் குரல் கேட்க அது போதும். அந்தப் பேச்சில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையோ நிலத் தகராறையோ எடுக்காதீர்கள். சுரங்கப்பாதையிலோ பார்க்கிங்கின் அடித்தளத்திலோ லைன் போய்விடும், பாதி கேட்டது கேட்டபடி எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பார்.

வளைகுடாவில் கேம்ப்பில் இருக்கிறார். எப்போது?

கட்டட வேலைக்குப் போகிறவர் விடியுமுன் எழுந்து கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாலை கேம்ப்புக்குத் திரும்பியதும் குளியலறைக்கு வரிசை, பிறகு அடுப்புக்கு வரிசை. துணி துவைத்து, சமைத்துச் சாப்பிட்டு உட்கார அங்கே இரவு 8 ஆகும், 9.30க்குப் படுத்துவிடுவார். ஆக துபாய்க்கு நம் இரவு 9.30 முதல் 10.30. சவுதி, கத்தாருக்கு 10.30 முதல் 11.30. ஊரில் அந்நேரம் தூக்கம் வரும்தான். ஆனால் முன்னாடியே கூப்பிட்டால் ஒரு கையில் கரண்டியோடு பேசுவார்.

வெயில் காலத்தில் மதிய இடைவேளை நீளம். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. அதை நம் நேரத்தில் மதியம் 2 முதல் 4.30 என்று கணக்குப் போட்டு வீட்டில் போன் போடுகிறார்கள். வேண்டாம். அது அவர்கள் நிழலில் கண்ணயரும் நேரம். அவரே கூப்பிட்டால் பேசுங்கள்.

விடுமுறை நாளும் நாட்டுக்கு நாடு வேறு. சவுதி, கத்தார், குவைத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. அமீரக அரசு 2022 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டது, தனியார் கம்பெனிகளில் இன்னும் வித்தியாசம் உண்டு. அவருடைய ஓய்வுநாள் எது என்று ஒருமுறை கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகல் தொழுகை நேரத்தையும், ரம்ஜான் மாதத்தில் சூரியன் மறையும் நேரத்தையும் விட்டுவிடுங்கள். நம்மவர் நோன்பு வைக்காதவராக இருந்தாலும் அந்நேரம் கடையில் வேலை செய்கிறவருக்கும் டிரைவருக்கும் தலைபோகிற அவசரம் இருக்கும்.

அமீரகத்தில் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், வாட்ஸ்அப் கால் பொதுவாகப் போகாது. 'போடிம்' போல அங்கே அனுமதிக்கப்பட்ட ஆப்பை இரண்டு பக்கமும் ஏற்றிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் "எடுக்கவே மாட்டேங்கிறான்" என்று வருத்தப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சம்பளத் தேதிக்கு மறுநாள் மட்டும் கூப்பிடும் வீடாக உங்கள் வீடு இருக்க வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியாவுக்கு?

வித்தியாசம் சின்னது என்பதால்தான் இங்கே தவறு நடக்கிறது. சாப்பிட்டுவிட்டு இரவு 9.30க்கு ஆற அமர நாம் போடுவோம். அங்கே நள்ளிரவு 12. வேலை நாளில் நம் மாலை 6 முதல் 7.30க்குள் பேசி முடித்துவிடுங்கள்.

நைட் ஷிஃப்ட்டில் இருக்கும் நர்ஸுக்கு?

ஷிஃப்ட் முடிந்து வீடு சேர்ந்ததும் கூப்பிடாதீர்கள், அப்போது தூங்கத்தான் தோன்றும். வேலைக்குக் கிளம்புவதற்கு ஒன்றரை மணி முன்பு நல்லது. லண்டனில் இரவு 8க்கு டியூட்டி என்றால் அங்கே மாலை 6, அதாவது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11.30. முடியாதென்றால் வாய்ஸ் மெசேஜ் போட்டுவிடுங்கள். டியூட்டி பட்டியல் வந்ததும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் மாதம் முழுக்கக் கேள்வியே இல்லை.

ஊரில் இருக்கும் வயதான அப்பா, அம்மாவுக்கு எப்போது போடுவது?

காலை 10 முதல் 11.30 வரை, அல்லது மாலை 5 முதல் 6 வரை. காலையில் டிபனும் மாத்திரையும் முடிந்து பேப்பர் படித்திருப்பார்கள். மாலையில் மதியத் தூக்கம் கலைந்து காபி குடித்திருப்பார்கள், இன்னும் விளக்கு வைத்திருக்க மாட்டார்கள். அந்த மாலை நேரம் நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 6.30 முதல் 7.30, கோடையில் 7.30 முதல் 8.30. கலிஃபோர்னியாவுக்கு அது விடியற்காலை என்பதால் ஒத்துவராது. அங்கிருந்து பேசுகிறவர் தன் மாலை 6 மணியைப் பிடிக்கலாம், குளிர்காலத்தில் ஊரில் அப்போது காலை 7.30.

மதியம் 1.30 முதல் 4 வரை விட்டுவிடுங்கள். மாலை ஆறரைக்கு மேல் சீரியல். அம்மா "பரவாயில்லப்பா, சொல்லு" என்பார், கண் டிவியில் இருக்கும், நீங்கள் சொன்ன விமான டிக்கெட் தேதி மறுநாள் நினைவில் இருக்காது. இதில் அவரைக் கோபித்துப் பயனில்லை. அவருடைய ஒரு நாளில் அவருக்கென்று இருக்கும் நேரம் அது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எடுக்காத அழைப்பு எவ்வளவு நேரம் அடிக்கலாம் என்று இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019 நவம்பரில் வரையறுத்தது: செல்போனுக்கு 30 விநாடி, லேண்ட்லைனுக்கு 60 விநாடி. போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கிறது, அம்மா சமையலறையில். அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, கண்ணாடியைத் தேடி யார் என்று பார்ப்பதற்குள் 30 விநாடி முடிந்துவிடும். அவர் எடுக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். இரண்டாவது அழைப்பு அடிக்கும்போது போன் அவர் கையிலேயே இருக்கும். உடனுக்குடன் போட்டால் அவர் திரும்ப அழைக்க முயல்வார், இரண்டு பக்கமும் பிஸி.

காதில் மெஷின் வைப்பவர் என்றால் காலை நேரமே மேல். சாயங்காலத்துக்குள் பலர் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் 'ஆன்லைன்' என்று காட்டுகிறது. கூப்பிடலாமா?

அவர் விழித்திருக்கிறார் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். மீட்டிங்கில் மேசைக்கடியில் பார்த்துக்கொண்டிருக்கலாம். "ஆன்லைன்ல இருந்தியே, ஏன் எடுக்கல?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டால், மூன்றாம் நாள் அந்த வரியே உங்களுக்குத் தெரியாதபடி மறைத்துவிடுவார்.

கூப்பிடுவதற்கு முன் மெசேஜ் போட வேண்டுமா?

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நடுவில் கட்டாயமில்லை. மற்ற உறவுகளுக்குப் போடுவது நல்லது. ஆனால் "பேசணும்" என்று ஒற்றை வார்த்தை அனுப்பாதீர்கள், படிக்கிறவர் வயிற்றில் புளியைக் கரைக்கும். விஷயம், நீளம், நேரம் மூன்றும் இருக்கட்டும்: "மாமா, வீட்டு வரி ரசீது விஷயம், பத்து நிமிஷம் போதும், அவசரமில்லை. உங்க நேரம் சனி காலை 10க்குக் கூப்பிடட்டுமா?" 'உங்க நேரம்' என்று எழுதாவிட்டால் இரண்டு பேரும் வேறு வேறு பத்து மணிக்குக் காத்திருப்பீர்கள்.

ராத்திரியில் அவசரம் என்றால் போன் அடிக்குமா? எல்லோரும் சைலண்ட்டில் போட்டுத் தூங்குகிறார்களே.

'தொந்தரவு வேண்டாம்' நிலையில் இருக்கும் ஐபோனில், அடுத்தடுத்த அழைப்பை அனுமதிக்கும் வசதி திறந்திருந்தால், அதே எண்ணிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு ஒலிக்கும். ஆண்ட்ராய்டில் அதே வசதிக்குப் 15 நிமிடக் கணக்கு. சைலண்ட் பட்டனே போட்டிருந்தால் இது நடக்காது. அதனால் இப்போதே பிள்ளையிடம் சொல்லி, அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூன்று எண்களை எப்போதும் ஒலிக்கும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு எண்ணைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். அப்பா மயங்கி விழுந்தால் கூப்பிடப்போவது அவர்தான்.

கை தவறி நேரங்கெட்ட நேரத்தில் போட்டுவிட்டால் எடுத்தவுடன் முதல் வாக்கியம் "ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லா இருக்கோம்". ஹலோவுக்கும் முன்னால்.

சாவுச் செய்தியை எப்போது சொல்வது? அங்கே நடுராத்திரியாக இருக்கிறதே.

பிள்ளை, உடன்பிறப்பு, கணவன், மனைவி என்றால் நேரம் பார்க்காதீர்கள். விடியட்டும் என்று ஆறு மணி நேரம் காத்தால் அன்றைய விமானம் போய்விடும். தூரத்து உறவு என்றால் அங்கே விடியும்வரை பொறுக்கலாம்.

முதலில் அவரோடு இருக்கும் ஒருவருக்குப் போடுங்கள்: மனைவி, அறைத்தோழர், அதே ஊரில் இருக்கும் சித்தப்பா. அந்த ஆள் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகு அவருக்குப் போடுங்கள். யாரும் இல்லையென்றால் "எங்கப்பா இருக்க? வண்டி ஓட்டுறியா?" என்று கேட்டு, ஓட்டுகிறார் என்றால் ஓரம் கட்டச் சொல்லுங்கள். போடுவதற்குமுன் நான்கு விஷயம் கையில் இருக்கட்டும்: எப்போது நடந்தது, உடல் எங்கே இருக்கிறது, ஐஸ் பெட்டியில் எவ்வளவு நேரம் வைப்பதாக யோசிக்கிறீர்கள், அவர் வந்து சேரும்வரை காத்திருப்பீர்களா. நான்காவதற்குத் தெளிவான பதில் இல்லாமல்தான் பலர் விமான நிலையத்தில் தவிக்கிறார்கள். பாஸ்போர்ட் அவரிடமே இருக்கிறதா, கம்பெனியிடமா என்றும் அப்போதே கேளுங்கள்.

"சீரியஸா இருக்கு, கிளம்பி வா" என்று மறைத்து வரவழைப்பது பழைய வழக்கம். அந்தக் காலத்துக்கு அது சரி. இன்று இடையில் விமானம் மாறும்போது வைஃபை கிடைத்ததும் யாரோ போட்ட கண்ணீர் அஞ்சலிப் படம் முதலில் கண்ணில் படும். உண்மையைச் சொல்லிவிடுங்கள். நெருங்கிய எல்லோருக்கும் சொல்லி முடிக்கும்வரை குடும்பக் குழுவிலும் ஸ்டேட்டஸிலும் யாரும் எதுவும் போடக்கூடாது என்று ஒருவர் பொறுப்பெடுத்துச் சொல்ல வேண்டும்.

துக்கம் விசாரிக்கிற போன் வேறு. முதல் நாள் வீட்டார் யாரும் பேசும் நிலையில் இருக்க மாட்டார்கள், கூட இருக்கும் உறவினரிடம் சொன்னால் போதும். காரியம் முடிந்து எல்லோரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு, வீடு வெறிச்சென்று இருக்கும் அந்த வாரத்தில் கூப்பிடுங்கள்.

நல்ல செய்தி சொல்ல ராகு காலம் பார்க்க வேண்டுமா?

நீங்கள் பார்க்காவிட்டாலும் எடுக்கிற பெரியவர் பார்ப்பார் என்றால் பாருங்கள். திங்கள் 7.30-9, சனி 9-10.30, வெள்ளி 10.30-12, புதன் 12-1.30, வியாழன் 1.30-3, செவ்வாய் 3-4.30, ஞாயிறு 4.30-6. சம்பந்தம் பேசுவது, வீடு முடிந்த செய்தி போன்றவற்றுக்கு இது போதும். கணக்கு சூரிய உதயத்தை ஒட்டியது என்பதால் டொராண்டோவில் இருப்பவர் எந்த ஊர் ராகு காலம் பார்ப்பது என்று கேட்பார். கேட்கும் பெரியவர் ஊர் எதுவோ அது.

தீபாவளி வாழ்த்து?

நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்து காலை 6 மணிக்குப் போட்டால் நியூயார்க்கில் முந்தைய இரவு. தீபாவளி அக்டோபரில் வந்தால் 8.30, நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பின் வந்தால் 7.30. பேரப்பிள்ளைகள் வெடியைப் பார்க்க அதுவே சரியான நேரம். அவர்களுடைய தீபாவளிக் காலைக்கு நம் மாலையில் இன்னொரு முறை போடுங்கள்.

சென்னை, லண்டன், டொராண்டோ, சிட்னி நான்கும் ஒரே அழைப்பில் சேர முடியுமா?

ஜூலையில் முடியும். நம் ஞாயிறு மாலை 4.30க்கு லண்டனில் நண்பகல் 12, டொராண்டோவில் காலை 7, சிட்னியில் இரவு 9. ஜனவரியில் சிரமம். டொராண்டோ ஒரு மணி பின்னே போயிருக்கும், சிட்னி ஒரு மணி முன்னே வந்திருக்கும், இரண்டுக்கும் இடைவெளி 14 மணியிலிருந்து 16 ஆகிவிடும். அதே 4.30க்கு டொராண்டோவில் காலை 6, சிட்னியில் இரவு 10. குளிர்காலத்தில் சிட்னியைத் தனியாகக் கூப்பிட்டுவிடுங்கள், எல்லோரையும் தூக்கக் கலக்கத்தில் உட்காரவைப்பதைவிட அது மேல்.

இந்திய எண்ணுக்குத்தான் போட்டேன், அவர் வெளிநாட்டில் இருந்திருக்கிறார். எப்படித் தெரிந்துகொள்வது?

வழக்கமான மணிச்சத்தத்துக்குப் பதில் வேறு மாதிரி ஒற்றை நீள ஒலி கேட்டால் ரோமிங்கில் இருக்க வாய்ப்புண்டு. வைத்துவிட்டு வாட்ஸ்அப்பில் கேளுங்கள். ரோமிங்கில் எடுத்தால் அவருக்கும் காசு போகும்.

கடன் வசூலுக்கு ராத்திரியில் போன் வருகிறது. அவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு இல்லையா?

இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டுக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் சொல்லியிருக்கிறது. வந்த நேரத்தோடு அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.